பறவையின் காலில் கட்டிய சீட்டு

லண்டனுக்கு வடமேற்கே, ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் டிரிங் என்றொரு சிற்றூர் இருக்கிறது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைகள் எல்லாம் 1970களிலிருந்து அங்கேதான் இருக்கின்றன. ஏறத்தாழ ஏழரை லட்சம் பாடம் செய்த பறவைகள். உலகில் அறியப்பட்ட பறவை இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அங்கே உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் கிளையில் உட்கார்ந்திருப்பவை அவற்றுள் மிகச் சில. மற்றவை அலமாரி இழுப்பறைகளில், இறக்கையை உடலோடு ஒட்டி, மல்லாந்த நிலையில், கண் இருந்த இடத்தில் பஞ்சு தெரிய வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் காலிலும் நூலால் கட்டிய ஒரு சீட்டு இருக்கும்.

அந்தச் சீட்டில் சில வரிகள்தான். பறவையின் பெயர், பிடிபட்ட இடம், தேதி, ஆணா பெண்ணா, பிடித்தவர் யார். கவனமுள்ளவராக இருந்தால் கண், அலகு, கால் ஆகியவற்றின் நிறத்தையும் எழுதியிருப்பார். ஏனென்றால் இறந்த சில நாட்களிலேயே அந்த நிறங்கள் மங்கிவிடும். ஆணும் பெண்ணும் ஒன்றுபோல் இருக்கும் இனங்களில், உடலை அறுத்து உள்ளுறுப்பைப் பார்த்தால்தான் பால் தெரியும். தோலை உரித்து உடலை எறிந்த பிறகு அதைப் பெரும்பாலும் யாராலும் சொல்ல முடியாது. அந்த ஒரு நாள், அந்த ஒரு மேசை, அந்த ஒரு மனிதர். அவர் எழுதியது மட்டுமே நமக்கு மிஞ்சுகிறது.

அருங்காட்சியகம் என்றதும் நமக்கு எலும்புக்கூடும் புதைபடிவமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அறிவியலுக்குப் பயன்படுவது பொருளும் சீட்டும் சேர்ந்த ஜோடி. சீட்டு போனால் பறவை வெறும் இறகுக் கட்டு. சீட்டு பொய்யானால் அதைவிடக் கேடு. டிரிங் அலமாரிகளுக்குள் போய்ச் சேர்ந்த பறவைகளின் கதை, சீட்டை உண்மையாக எழுதியவர்கள், எழுத மறந்தவர்கள், மாற்றி எழுதியவர்கள், அறுத்தெறிந்தவர்கள் ஆகியோரின் கதை.

டார்வினுக்குத் தோலுரிக்கக் கற்றுக்கொடுத்தவர்

1826ஆம் ஆண்டு எடின்பரோவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த சார்லஸ் டார்வினுக்கு அறுவைச் சிகிச்சையைப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை. அப்போது அந்த நகரில் ஜான் எட்மன்ஸ்டன் என்பவர் பறவைகளைப் பாடம் செய்து பிழைத்துவந்தார். தென் அமெரிக்காவின் கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் அவர். அங்கே காடுகளைச் சுற்றிய சார்லஸ் வாட்டர்டன் என்ற ஆங்கிலேயரிடம் அந்தக் கலையைக் கற்றவர். டார்வின் அவருக்குச் சம்பளம் கொடுத்து, நாள்தோறும் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

அந்தக் கலை இப்படி: வயிற்றில் நீளவாக்கில் கீறி, தோலைக் கிழியாமல் பின்னுக்குத் தள்ளி, உடலை முழுதாக வெளியே எடுக்க வேண்டும். மண்டையோடும் இறக்கை எலும்பும் கால் எலும்பும் தோலோடு தங்கும். உட்புறம் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் நஞ்சு கலந்த சோப்பைத் தடவுவார்கள். பிறகு பஞ்சு அடைத்துத் தைப்பார்கள். எங்கே கீறுவது, எந்த எலும்பை வெட்டுவது, எவ்வளவு பஞ்சு வைப்பது, எப்படித் தைப்பது என்று கைக்குக் கை வித்தியாசம் உண்டு. ஒரே மனிதர் செய்த நூறு பறவைகளைப் பார்த்தால் அவரது கைப்பழக்கம் பளிச்சென்று தெரியும். பிற்காலத்தில் ஒரு பெரிய பொய்யைப் பிடிக்க உதவப்போவது இந்தக் கைப்பழக்கம்தான்.

எட்மன்ஸ்டனிடம் கற்றது டார்வினுக்குப் பீகிள் கப்பலில் கைகொடுத்தது. 1835ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கலாபகஸ் தீவுகளில் அவர் பறவைகளைச் சேகரித்தார். அங்கிருந்த பாடும் பறவை வகை ஒன்றுக்கு மட்டும் எந்தத் தீவில் பிடித்தது என்று குறித்துவைத்தார். குருவி போன்ற பிஞ்ச் பறவைகளுக்கு அப்படிச் செய்யவில்லை. பக்கத்துப் பக்கத்துத் தீவுகளில் வெவ்வேறு இனங்கள் இருக்கும் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. இரண்டு தீவுகளின் சேகரிப்பு கலந்துபோனதைப் பின்னர் அவரே தம் பயண நூலில் ஒப்புக்கொண்டார்.

1837 தொடக்கத்தில் லண்டனில் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் அந்தப் பறவைகளைப் பார்த்தார். அலகு பருத்ததும் மெலிந்ததுமாகத் தோற்றத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலிருந்த அவை, ஒரே நெருங்கிய குடும்பத்தின் வெவ்வேறு இனங்கள் என்று அவர் சொன்னார். எந்த அலகு எந்தத் தீவுக்கு உரியது என்ற கேள்வி அதன்பிறகுதான் எழுந்தது. டார்வினின் சீட்டில் பதில் இல்லை. கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராயும், டார்வினின் உதவியாளர் சிம்ஸ் கவிங்டனும் தனியே சேகரித்த பறவைகளில் தீவின் பெயர் இருந்தது. டார்வின் அவற்றைத் தேடிப் போய்த் தம் குறைபாட்டை ஈடுசெய்யப் பார்த்தார். பரிணாமக் கொள்கையைப் பிற்காலத்தில் வெளிப்படையாக எதிர்த்த ஃபிட்ஸ்ராயின் சீட்டுதான், அந்தக் கொள்கைக்கு அடையாளமாகிவிட்ட பறவைகளுக்கு ஊர்ப் பெயர் கொடுத்தது. அந்தக் குருவிகள் இன்று டிரிங்கில் பத்திரமாக இருக்கின்றன.

சிம்லாவிலிருந்து கிளம்பிய பெட்டிகள்

டிரிங்கில் உள்ள இந்தியப் பறவைகளில் மிகப் பெரிய பங்கு ஆலன் ஆக்டேவியன் ஹியூமுடையது. இந்திய தேசிய காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவராக அவரை நம் பாடநூல்கள் சொல்கின்றன. அதற்கு முன் கால் நூற்றாண்டாக அவரது நெஞ்சை ஆட்கொண்டிருந்தவை பறவைகள். எட்டாவாவில் அதிகாரியாக இருந்தபோது சேர்த்த முதல் தொகுப்பு 1857 கிளர்ச்சியில் அழிந்தது. மனம் தளராமல் மறுபடி தொடங்கினார். துணைக்கண்டம் முழுக்க இருந்த அதிகாரிகள், மருத்துவர்கள், தோட்ட உரிமையாளர்கள் என்று பலருக்கும் கடிதம் எழுதி, பறவைகளையும் முட்டைகளையும் குறிப்புகளையும் வரவழைத்தார். பறவையியலுக்கென்றே ஓர் இதழையும் நடத்தினார்.

அவருக்குக் குறிப்பு அனுப்பியவர்களில் ஒருவர் கோத்தகிரியில் வாழ்ந்த மார்கரெட் காக்பர்ன். அவரது தந்தை சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்தவர். நீலகிரிப் பறவைகள் எந்த மாதம் கூடு கட்டுகின்றன, எத்தனை முட்டை இடுகின்றன என்று மார்கரெட் தம் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்ததை எழுதியனுப்பினார். ஹியூமின் கூடு, முட்டை பற்றிய நூலில் அவர் பெயர் பல இடங்களில் வருகிறது. அவர் தீட்டிய பறவை ஓவியங்களும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஹியூமின் வாழ்நாள் கனவு, இந்தியப் பறவைகளைப் பற்றி ஒரு முழுமையான நூல். அதற்காகச் சிம்லாவில் ஜாக்கோ மலைமேல் இருந்த தம் ராத்னி காஸில் வீட்டில் கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் படிகளை வைத்திருந்தார். 1884 வாக்கில் ஒரு குளிர்காலத்துக்குப் பின் வீடு திரும்பியபோது அவற்றைக் காணவில்லை. வேலையாள் ஒருவர் அவற்றைப் பழைய காகிதமாகக் கடைத்தெருவில் எடைக்குப் போட்டுவிட்டார். அந்த அடியிலிருந்து ஹியூம் மீளவில்லை. முழுத் தொகுப்பையும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகத் தருவதாக எழுதினார்.

அருங்காட்சியகத்தின் பறவைப் பிரிவைப் பார்த்துவந்த ரிச்சர்ட் பௌட்லர் ஷார்ப் 1885இல் சிம்லாவுக்கு நேரில் வந்தார். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஈரமும் தோல் அரிக்கும் வண்டுகளும் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பறவைகளைத் தின்றுவிட்டிருந்தன. தேவதாரு மரத்தில் 47 பெட்டிகள் அங்கேயே செய்யப்பட்டன. பறவையில் குத்திவிடக் கூடாது என்பதற்காக ஆணி அடிக்காமல் செய்தார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை டன் எடை. மலையிலிருந்து இறக்கி, மாட்டு வண்டியில் கால்கா வரை கொண்டுபோய், பம்பாய் துறைமுகத்தில் கப்பலேற்றினார்கள். மொத்தம் 82,000 உருப்படிகள். அதே 1885 டிசம்பரில் அதே பம்பாயில் காங்கிரஸின் முதல் மாநாடு கூடியது.

ஹியூம் கனவு கண்ட நூல் வெளிவரவே இல்லை. ஆனால் பறவைகளின் காலில் இருந்த சீட்டுகளைப் பழைய காகிதக்காரர் எடுத்துப் போகவில்லை. எங்கே, எப்போது, யார் என்ற விவரம் அந்தந்தப் பறவையோடு இருந்ததால், நூல் போன பின்னும் தொகுப்பு பேசியது. இந்தியப் பறவைகளைப் பற்றி அடுத்த நூறாண்டில் வந்த பெரிய நூல்கள் எல்லாம் அந்தச் சீட்டுகளைக் கலந்து எழுதப்பட்டவையே.

சீட்டில் இடம்பெறாதவர்கள்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'சேகரித்தவர்' என்று சீட்டில் இருக்கும் பெயர் பெரும்பாலும் துரையின் பெயர். பறவை எங்கே வந்து அடையும் என்று தெரிந்து வழிகாட்டியவர், வெயில் ஏறுவதற்குள் தோலுரித்துப் பாடம் செய்தவர், மலை இறக்கிச் சுமந்தவர் ஆகியோரின் பெயர்கள் மிக அரிதாகவே எழுதப்பட்டன.

எழுதியவர்களில் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் ஒருவர். 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தில் அவர் சேகரித்தவை 1,25,660. அவற்றில் பறவைகள் மட்டும் 8,000க்கு மேல். அவற்றில் பெரும்பங்கை வேட்டையாடிப் பாடம் செய்தவர் அலி என்ற மலாய் இளைஞர். 1858இல் பச்சான் தீவில், தோளிலிருந்து வெண்ணிற இறகுகள் நீண்ட, அதுவரை அறிவியல் அறியாத ஒரு சொர்க்கப் பறவையை வாலஸிடம் கொண்டுவந்து காட்டியவர் அலி. அந்தப் பறவைக்கு வாலஸின் பெயர் வைக்கப்பட்டது. ஆனாலும் அலியின் பங்கை வாலஸ் தம் நூலில் தெளிவாக எழுதிவைத்ததால்தான் இன்று நமக்கு அது தெரிகிறது. அருங்காட்சியகங்கள் இப்போது பழைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் புரட்டி, எட்மன்ஸ்டன், அலி போன்றோரின் பெயர்களை மீட்டுக்கொண்டிருக்கின்றன. விட்டுப்போன சீட்டைத் திருத்தும் வேலை அது.

வங்கியை விட்டு வந்த பிரபு

டிரிங் அருங்காட்சியகத்தைக் கட்டியவர் வால்டர் ராத்ஸ்சைல்ட். ஐரோப்பாவின் மிகப் பெரிய வங்கிக் குடும்பத்தில் 1868இல் பிறந்தவர். ஏழு வயதிலேயே அருங்காட்சியகம் வைக்கப்போவதாகப் பெற்றோரிடம் சொன்னார். 21ஆம் வயதில் தந்தை அதற்கென ஒரு கட்டடமே கட்டிக்கொடுத்தார். 1892இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வரிக்குதிரைகளை வண்டியில் பூட்டி பக்கிங்ஹாம் அரண்மனைக்கு ஓட்டிப்போனதாலும், பெரிய ஆமையின் மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டதாலும் அவரை விசித்திர மனிதராக ஊர் நினைத்தது. அவரது உண்மையான சாதனை அலமாரிகளுக்குள் இருந்தது. மூன்று லட்சம் பறவைகள், இரண்டு லட்சம் முட்டைகள், இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பட்டாம்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும்.

ஒரே இனத்தில் இத்தனை எதற்கு என்று கேட்கத் தோன்றும். ராத்ஸ்சைல்டும், பறவைகளைக் கவனித்துக்கொண்ட எர்ன்ஸ்ட் ஹார்ட்டர்ட்டும், பூச்சிகளைக் கவனித்துக்கொண்ட கார்ல் ஜோர்டனும் தேடியது வித்தியாசங்களை. ஒரே பறவை ஒரு மலையின் இந்தப் பக்கம் சற்றுக் கறுத்தும் அந்தப் பக்கம் சற்று வெளுத்தும் இருக்கிறதா, தீவுக்குத் தீவு அலகு மாறுகிறதா என்று பார்க்க ஒன்றிரண்டு பறவைகள் போதாது. வெவ்வேறு இடங்களில் பிடித்த பறவைகளை நீள வரிசையில் வைத்து ஒப்பிட வேண்டும். அப்போது ஒவ்வொன்றின் இடமும் ஐயமின்றித் தெரிய வேண்டும். டார்வின் கலாபகஸில் தவறவிட்டதை இவர்கள் விதியாகவே ஆக்கிவிட்டார்கள்.

டார்வினுக்கு இவர்கள் இன்னொரு வகையிலும் கடன் தீர்த்தார்கள். மடகாஸ்கரின் வெண்ணிற ஆர்க்கிட் பூ ஒன்றில் தேன் இருப்பது ஏறத்தாழ 30 செ.மீ. நீளக் குழாயின் அடியில். அவ்வளவு நீள நாக்குள்ள அந்துப்பூச்சி அங்கே இருந்தே தீர வேண்டும் என்று டார்வின் 1862இல் எழுதினார். நம்பியவர்கள் குறைவு. 1903இல் ராத்ஸ்சைல்டும் ஜோர்டனும் மடகாஸ்கரிலிருந்து வந்த அந்துப்பூச்சி ஒன்றின் நாக்கைப் பார்த்து, முன்கூட்டியே சொல்லப்பட்டது என்ற பொருளில் அதற்கு 'பிரடிக்டா' என்று பெயரிட்டார்கள்.

இந்தப் பறவைத் தொகுப்பின் பெரும்பகுதி இன்று இங்கிலாந்தில் இல்லை. 1932இல் ராத்ஸ்சைல்ட் 2,80,000 பறவைகளை நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு விற்றார். காரணம் ஐம்பது ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. ஒரு பெண் அவரை நெடுங்காலம் மிரட்டிப் பணம் பறித்துவந்ததை, அவரது தம்பி மகளான மிரியம் ராத்ஸ்சைல்ட் 1983இல் எழுதிய வாழ்க்கை வரலாறு சொன்னது. உயிருக்கு உயிராகச் சேர்த்ததை விற்ற அந்த மனிதரின் வேதனையை நாம் ஊகிக்கலாம். ஆனால் பறவைகள் சீட்டோடு போயின. நியூயார்க்கில் அவற்றை ஆராய்ந்தவர்களில் ஒருவர், முன்பு ராத்ஸ்சைல்டுக்காகவே நியூகினியில் பறவை சேகரித்த எர்ன்ஸ்ட் மயர். இனம் என்றால் என்ன, அது எப்படிப் பிரிந்து இரண்டாகிறது என்று இன்று உயிரியல் மாணவர் படிக்கும் விளக்கத்தை 1942இல் நூலாகத் தந்தவர் அவர். ராத்ஸ்சைல்ட் 1937இல் மறைந்தபோது மீதியும் கட்டடமும் தேசத்துக்கு வந்தன.

பொய்ச் சீட்டு எழுதிய கர்னல்

கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் அந்தக் காலப் பறவையியலில் மிகப் பெரிய பெயர். போர்வீரர், உளவுத் துறை அதிகாரி. ஆப்பிரிக்காவின் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இருக்கிறது. 1937இல் இந்தியப் பறவையியலாளர் சாலிம் அலி அவரோடு ஆப்கானிஸ்தானில் பறவை ஆராயப் போயிருக்கிறார். 1954இல் அவர் தம் 20,000 பறவைகளை லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடையாகத் தந்தார். 1967இல் புகழோடு மறைந்தார்.

அவரது பறவைகள் குறித்துச் சிலருக்கு முன்பிருந்தே ஐயம் இருந்தது. 1993இல் ஆலன் நாக்ஸ் என்ற ஆய்வாளர், கர்னல் பிரான்சில் பிடித்ததாகச் சொன்ன சில சிறு குருவிகள் உண்மையில் ஷார்ப் பல ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் பிடித்தவை என்று காட்டினார். தெற்காசியப் பறவைகளைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்த பமேலா ராஸ்முசன், டிரிங்கின் ராபர்ட் பிரிஸ்-ஜோன்ஸுடன் சேர்ந்து ஆராய்ந்தபோது மோசடியின் முழு அளவு வெளியே வந்தது. கர்னல், அருங்காட்சியகத்திலிருந்தே பறவைகளைத் திருடி, பழைய சீட்டை எறிந்து, தாம் போயிருந்த ஊரின் பெயரும் தேதியும் எழுதிப் புதுச் சீட்டுக் கட்டித் திருப்பிக் கொடுத்திருந்தார். அப்படி நூற்றுக்கணக்கானவை.

பிடித்தது எப்படி? கைப்பழக்கத்தால்தான். சீட்டு கர்னல் பிடித்ததாகச் சொல்லும். எக்ஸ்-கதிர்ப் படம் வேறொருவர் கையைச் சொல்லும். எலும்பை வெட்டிய இடமும் பஞ்சு அடைத்த விதமும் தையலும், நாற்பது ஐம்பது ஆண்டு முன் வாழ்ந்த வேறொரு சேகரிப்பாளரின் பறவைகளோடு அப்படியே பொருந்தும். அந்தச் சேகரிப்பாளரின் பதிவேட்டைப் பார்த்தால் அங்கே ஒரு பறவை குறைந்திருக்கும்.

பொய் நீங்கியதும் கிடைத்த ஆந்தை

இதில் நம் நாட்டு ஆந்தை ஒன்றின் கதை உண்டு. 1872இல் மத்திய இந்தியாவில், இன்றைய சத்தீஸ்கர் பகுதியில், எஃப். ஆர். பிளெவிட் என்பவர் பிடித்த சிறிய ஆந்தை ஒன்றை ஹியூம் அடுத்த ஆண்டு புதிய இனமாக விவரித்தார். பிளெவிட்டின் பெயரையே அதற்கு வைத்தார். நாம் இங்கே அதைக் காட்டுச் சிற்றாந்தை என்று சொல்லலாம். பிறகு ஜேம்ஸ் டேவிட்சன் என்ற அதிகாரி மேற்கே காந்தேஷ் பகுதியில் 1880களின் தொடக்கத்தில் சிலவற்றைப் பிடித்தார். உலகின் அருங்காட்சியகங்களில் மொத்தமே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். 1884க்குப் பிறகு ஐயமறப் பார்த்தவர் எவருமில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. குஜராத்தின் மாண்ட்வியில் 1914இல் ஒன்றைப் பிடித்ததாக மைனர்ட்ஸ்ஹேகனின் சீட்டு சொன்னது. ஆந்தையைத் தேடிப் போனவர்களை அந்தச் சீட்டு குஜராத் பக்கம் இழுத்தது. ராஸ்முசனும் நைகல் காலரும் அந்த ஆந்தையைப் பரிசோதித்தார்கள். அதைப் பிரித்து மறுபடி அடைத்துத் தைத்திருந்த போதும், அடியில் டேவிட்சனின் கைவேலை தெரிந்தது. அது அருங்காட்சியகத்திலிருந்து திருடப்பட்ட டேவிட்சனின் ஆந்தை. 1914 என்பது பொய். மாண்ட்வி என்பதும் பொய்.

பொய் நீங்கியதும் தேட வேண்டிய இடம் தெளிவானது. உண்மையான சீட்டுகள் சொன்ன ஊர்களுக்கு ராஸ்முசனும் பென் கிங், டேவிட் அபட் ஆகியோரும் 1997 நவம்பரில் போனார்கள். முதலில் போன கிழக்குப் பகுதியில் கிடைக்கவில்லை. பிறகு டேவிட்சனின் காந்தேஷ் பகுதிக்கு வந்தார்கள். நவம்பர் 25 அன்று காலை, மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே, சாத்புரா மலையடிவாரத்தில், இலை உதிர்ந்த மரத்தில் ஓர் ஆந்தை வெயிலில் உட்கார்ந்திருந்தது. உச்சந்தலையில் புள்ளி இல்லை. அடிவயிறு பளிச்சென்ற வெள்ளை. கால் நகங்கள் பெரியவை. நம் ஊர்ப் புள்ளி ஆந்தைக்கு இவை பொருந்தாது. 113 ஆண்டுகள் யாரும் காணாத பறவை, நூறாண்டுக்கு முந்தைய ஒரு நேர்மையான சீட்டு காட்டிய வட்டாரத்திலேயே வாழ்ந்துகொண்டிருந்தது. அதன்பின் மேல்காட், தோரண்மால் போன்ற காடுகளிலும் அதைக் கண்டிருக்கிறார்கள். அந்தக் காடுகளைக் காக்கச் சொல்வதற்கு இன்று அது ஒரு வலுவான காரணம்.

தேதியால் சிக்கிய நஞ்சு

இடத்தைப் போலவே தேதியும் முக்கியம். 1960களின் தொடக்கத்தில் பிரிட்டனில் புறா வளர்ப்பவர்கள், பொரி வல்லூறுகள் பெருகித் தங்கள் புறாக்களைத் தூக்கிப்போவதாக முறையிட்டார்கள். கணக்கெடுக்கப் போன டெரெக் ராட்கிளிஃப் கண்டது நேர்மாறானது. வல்லூறுகள் வேகமாக அழிந்துகொண்டிருந்தன. கூடுகளில் முட்டைகள் உடைந்து கிடந்தன. ஓடு மெலிந்துவிட்டதோ என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் எதோடு ஒப்பிடுவது?

முட்டை சேகரிப்பு அந்த நாட்டில் ஒரு காலத்தில் பெரிய பொழுதுபோக்கு. அருங்காட்சியகங்களிலும் தனியார் பெட்டிகளிலும் பல்லாண்டு கால வல்லூறு முட்டைகள் தேதியோடு இருந்தன. உள்ளே இருப்பதை ஊதி எடுத்துவிட்ட வெற்று ஓடுகள். ராட்கிளிஃப் ஓட்டின் எடையை அதன் நீள அகலப் பெருக்கத்தால் வகுத்தார். ஓட்டை உடைக்காமலே அதன் தடிமனை மதிப்பிட இந்தக் கணக்கு போதும். பல பத்தாண்டுகளாக மாறாமல் வந்த அந்த எண், 1947 வாக்கில் திடீரெனச் சரிந்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறக்கம். உலகப் போர் முடிந்து டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வயல்களில் புழக்கத்துக்கு வந்த காலம் அது.

1967இல் இந்த ஆய்வு வெளியானது. டிடிடி உடலில் சிதைந்து உண்டாகும் பொருள், இரை வழியாக மேலே மேலே சேர்ந்து, தாய்ப்பறவையின் உடலில் ஓடு உருவாகும் இடத்துக்குக் கால்சியம் போய்ச் சேருவதைத் தடுக்கிறது என்பது பின்னர் உறுதியானது. பல நாடுகள் டிடிடியை வயல்களில் தடைசெய்ததற்கு இதுவும் ஒரு காரணம். வல்லூறுகள் திரும்பி வந்தன. அந்தப் பழைய முட்டைகளை எடுத்தவர்களில் பலருக்கு டிடிடி என்ற பெயரே தெரிந்திருக்காது. எடுத்த நாளை மறக்காமல் குறித்துவைத்தார்கள், அவ்வளவுதான். அதுவே ஒரு நஞ்சை அடையாளம் காட்டப் போதுமானதாக இருந்தது.

அறுத்தெறிந்த சீட்டுகள்

2009 ஜூன் 24 இரவு, லண்டனில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர் ஒருவர் டிரிங் கட்டடத்தின் ஜன்னலை உடைத்து உள்ளே இறங்கினார். ஒரு பெட்டி நிறைய 299 பறவைகளை அள்ளிக்கொண்டு போனார். குவெட்சால், சொர்க்கப் பறவை போன்ற வண்ண இறகுப் பறவைகள். அவற்றில் சில வாலஸ் சேகரித்தவை. தூண்டில் முள்ளில் அழகுக்காக இறகு கட்டும் கலை ஒன்று உண்டு. அதில் ஈடுபட்டவர்கள் அபூர்வ இறகுக்குப் பெரும் விலை கொடுப்பார்கள். திருட்டு நடந்ததே அருங்காட்சியகத்துக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்த ஆண்டு அவர் பிடிபட்டார். 174 பறவைகள் முழுதாக மீட்கப்பட்டன. அவற்றில் சீட்டோடு இருந்தவை 102 மட்டுமே. மீதியில் இருந்த சீட்டுகளை நீக்கிவிட்டார்கள். இறகு திரும்பி வந்தது. ஆனால் எந்தத் தீவு, எந்த ஆண்டு என்பது வரவில்லை. அந்தப் பறவைகளிடம் இனி அறிவியல் கேட்கக்கூடிய கேள்விகள் மிகக் குறைவு. நூற்றைம்பது ஆண்டுகள் போரிலும் பூச்சியிலும் பிழைத்த செய்தியை ஒரு கத்தரிக்கோல் முடித்துவைத்தது.

நம் பங்கு

இன்று பழைய பறவைகளின் கால்விரலில் சிறு துண்டு வெட்டி மரபணுவைப் படிக்கிறார்கள். இறகிலிருந்து நூறாண்டு முந்தைய காற்று மாசையும் உணவையும் கணிக்கிறார்கள். ஹியூமும் ராத்ஸ்சைல்டும் கனவிலும் நினைக்காத கேள்விகள் இவை. எல்லாமே இடமும் தேதியும் சரியாக இருந்தால்தான் பலிக்கும். எதிர்காலம் என்ன கேட்கும் என்று நமக்கும் தெரியாது. எனவே நாம் செய்யக்கூடியது, பார்த்ததைப் பார்த்தபடி எழுதிவைப்பதுதான்.

பறவை பார்க்கப் போகிறவர்களே, படத்தோடு ஊர்ப் பெயரையும் நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். கூட வந்து காட்டியவர் பெயரையும் எழுதுங்கள். உறுதியில்லாததை உறுதி என்று எழுதாதீர்கள். ஓர் இனம் அழியாமல் இருப்பதற்கு ஒருநாள் அந்த வரி காரணமாகலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் பல பழைய கல்லூரிகளின் விலங்கியல், தாவரவியல் துறைகளில் கண்ணாடிப் புட்டிகளும் பாடம் செய்த பறவைகளும் உலர்ந்த செடித் தாள்களும் இருக்கின்றன. ஏரியும் சதுப்பும் கரையோரக் காடும் இன்றைய நிலைக்கு வருமுன் எடுத்தவை அவற்றில் உண்டு. மை மங்கிக்கொண்டிருக்கிறது, பசை காய்ந்து தாள் உதிர்கிறது. மாணவர்களைக் கூட்டி ஒவ்வொரு சீட்டையும் படம் எடுங்கள், ஒரு பதிவேட்டில் எழுத்துக்கு எழுத்து படியெடுங்கள், உதிர்ந்ததை அதே பொருளோடு கட்டிவையுங்கள். பெரிய பணம் வேண்டாம், நாலைந்து மாணவர்களும் சில நாட்களும் போதும். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.